பெயரெழுதாத ஓடு

அதிபர் தில்லைநாதன் ஒளியைப் பற்றிப் படிப்பிக்கத் தொடங்கினால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார். தெறிப்பு, முறிவு, நிழல் என்று கரும்பலகை முழுவதும் கோடு கீறி, சட்டையெல்லாம் சோக்குத் தூளாக்கி, பிள்ளைகள் சாப்பாட்டை நினைத்து வயிற்றைத் தடவும்வரை நின்று விளங்கப்படுத்துவார். அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு மண்டபத்து வெளிச்சத்தைத் தானே யோசனை சொல்லி அடைத்தார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே செய்தார் என்பதுதான் கதை.

வன்னியில் துணுக்காய்ப் பக்கத்தில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஓடுகிற வீதியோரத்தில் இருந்தது அந்தக் கல்லூரி. கல்லூரி என்ற பெயர்தான் பெரிது. ஒரு பழைய மண்டபமும் அதற்குப் பின்னால் கிடுகு வேய்ந்த இரண்டு கொட்டில்களும்தான் சொத்து. மண்டபம் தடித்த சுவரும் ஓட்டுக்கூரையுமாக அந்தக் காலத்தில் நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான், மழைச் சாரல் உள்ளே அடிக்கிறதென்று, இரண்டு பக்கமும் தகரத்தில் தாழ்வாரம் இறக்கிவிட்டுப் போனார். சாரலோடு சேர்ந்து வெளிச்சமும் காற்றும் வெளியிலேயே நின்றுவிட்டன. அதன் பிறகு பட்டப்பகலில் பல்பு எரித்தால்தான் புத்தகம் தெரியும் என்ற நிலை.

பல்பை எரிக்க ஒரு கிழட்டு ஜெனரேற்றர். அது மண்டபத்துக்குப் பின்னால் நின்று நாள் முழுவதும் இருமிக்கொண்டிருக்கும். டீசல் குடிப்பதில் அதற்கு நிகர் அதுதான். டீசல் வராத நாளில் பாலை மரத்தடியில் வகுப்பு. டீசலும் வராமல் மழையும் பெய்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், வீட்டுக்குப் போகலாம்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போவதுகூடப் பெரிய பிரச்சினையில்லை. பெரிய பிரச்சினை பரீட்சை. சாதாரண தரப் பரீட்சை மார்கழியில் வரும். அது வன்னியில் வெள்ளம் நிற்கிற காலம். பரீட்சை நிலையமோ தொலைவில், பெருந்தெருப் பக்கம். போன மார்கழியில் கணித பாடத்தன்று பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து, பஸ் பாதியில் திரும்பிவிட்டது. அதில் இருந்தவர்களில் ஒருத்தி மீனம்மா. பள்ளிக்கூடத்திலேயே கணிதத்தில் முதலாவதாக வருகிற பிள்ளை. நனைந்த பாவாடையோடு அதிபரின் அறை வாசலில் வந்து நின்று, "சேர், பஸ்ஸு போகல்ல" என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் தில்லைநாதனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தங்கள் மண்டபத்தையே பரீட்சை நிலையமாக்கிவிட்டால்? அதற்கு முதலில் பிள்ளை இருந்து எழுத வெளிச்சம் வேண்டும். ஜெனரேற்றரை நம்பி எந்தக் கல்விக் கந்தோரும் நிலையம் தராது. அப்போதுதான் தில்லைநாதன் தன் திட்டத்தைப் போட்டார். தாழ்வாரத் தகரத்தைத் தூக்கி உயர்த்துவது. சுவர் உச்சியில் காற்றுத் துவாரம் வெட்டுவது. உட்சுவருக்குப் பளிச்சென்று வெள்ளையடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையில் வரிசை வரிசையாக மண்ணோட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதிப்பது. பகலில் விளக்கே தேவைப்படாத மண்டபம். ஜெனரேற்றரை விற்றுச் சிமெந்தும் சுண்ணாம்பும் வாங்கலாம். கண்ணாடி ஓட்டை ஊர் தரட்டும்.

எண்பத்திரண்டாம் ஆண்டுச் சித்திரை கழிந்து கூட்டிய கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஊர் கைதட்டியது. குடும்பத்துக்கு ஒரு ஓடு, வசதியானவர்களுக்கு இரண்டு மூன்று என்று அங்கேயே பேச்சாகிவிட்டது. அரிசி ஆலை கணபதி எழும்பி நின்று தொண்டையைச் செருமினார். ஊரில் அவர் செருமினால் மற்றவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள்.

"ஓடு தாறதிலை ஒரு பிரச்சினையும் இல்லை மாஸ்டர். ஆனால் தந்தது ஆரெண்டு தெரிய வேணுமே. கோயில் மணியிலை பேர் கிடக்கு, தேர் முட்டியிலை பேர் கிடக்கு. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் இல்லாமல் கிடப்பான்?"

"எழுதுவம், எழுதுவம்" என்றார் தில்லைநாதன். ஓட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெயர் இருந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று நினைத்தார்.

கணபதி சின்னதாக எதையும் செய்து பழகியவரல்ல. காலஞ்சென்ற தன் தகப்பன் பொன்னையாவின் ஞாபகமாக நான்கு ஓடுகள் கொடுத்தார். ஓட்டுக்கு ஓர் எழுத்தாக, மேடைக்கு நேர் மேலே, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, தடித்த கறுப்பு எனாமலில் எழுதவேண்டுமாம். பொ, ன், னை, யா. அதைக் கண்ட மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒற்றை ஓடு கொடுத்தவர் ஒற்றை ஓட்டுக்குள் தன் பரம்பரையையே அடக்கச் சொல்லிப் பெயின்ரரை வாட்டி எடுத்தார். கூரை ஏறுமுன்பே கண்ணாடியில் பாதி கறுத்துப்போயிற்று.

குளத்துக்கு அப்பால் காட்டை வெட்டிக் குடியிருந்தவர்களும் ஒரு ஓடு கொடுத்தார்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களை விட்டு மலைநாட்டிலிருந்து இறங்கி வந்த சனங்கள் அவர்கள். கூலிக்குப் போய்ப் பிழைக்கிறவர்கள். எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிய அந்த ஒரு ஓட்டை, வைக்கோலில் பொதிந்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தவர் ஆண்டியப்பன், மீனம்மாவின் தகப்பன்.

"இதுல பேரு ஏதும் எழுதணுமா ஐயா?" என்று கேட்டார்.

பக்கத்தில் கணபதி நின்றார். "அவையின்ரை பேரும் எங்கடை பேரும் ஒரே வரிசையிலையோ?" என்று மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் ஆண்டியப்பனுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக இல்லை.

தில்லைநாதன் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்களுக்குப் பேர் தேவையில்லை ஆண்டியப்பன், வெறுமனே போடுவம்" என்றார், ஏதோ சலுகை செய்கிறவர் மாதிரி. அந்த ஓடு மண்டபத்தின் பின்மூலையில், தண்ணீர்ப் பானையும் கால் முறிந்த வாங்குப் பலகைகளும் கிடக்கிற இடத்துக்கு மேலே போயிற்று. ஆண்டியப்பன் அதற்கும் தலையாட்டினார். மற்ற நாட்களில் கூலிக்குப் போகிறவர், சிரமதானத்தில் கூலியில்லாமல் வந்து சுவர் உச்சியில் துவாரம் வெட்டினார், சுண்ணாம்பு கலக்கினார், தகரம் தூக்கினார். கணபதி வீட்டிலிருந்து தேநீர் வந்தது. அதுவும் உண்மைதான்.

ஆவணியில் வேலை முடிந்து புரட்டாதி வெயிலில் மண்டபத்தைத் திறந்தபோது எல்லாரும் கழுத்து நோக அண்ணாந்து நின்றார்கள். வெள்ளைச் சுவர், மேலே காற்று, கூரையிலிருந்து வெயில் பட்டை பட்டையாக இறங்கியது. எழுத்துகள் பாதியை மறைத்தும்கூட அவ்வளவு வெளிச்சம். தில்லைநாதன் நடுமண்டபத்தில் நின்று ஒரு புத்தகத்தை விரித்துப் பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது. வெயில் உச்சிக்கு வர, கூரையிலிருந்த எழுத்தெல்லாம் நிழலாகத் தரையில் விழுந்தன. மேலே நிமிர்ந்து வாசிக்கிற எழுத்து, கீழே குனிந்து பார்க்கும்போது இடம்வலம் மாறித்தானே கிடக்கும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் இதை. மகனாகப் பெருமைப்பட வந்த கணபதி கண்டது, சிமெந்துத் தரையில் தலைகீழாகப் புரண்டு கிடக்கும் பொன்னையாவை. அதற்கு மேலால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடிப் போனார்கள்.

"அப்பாவைப் பிரட்டிப் போட்டு மிதிக்க விட்டிருக்கிறியளே மாஸ்டர்!" கணபதியின் குரல் உடைந்துபோயிற்று. மனிதர் நடிக்கவில்லை, உண்மையிலேயே கண் கலங்கி நின்றார். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற ஊர் அது. செத்துப்போன தகப்பனின் பெயரில் செருப்புக் கால்கள் படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? சேதி பரவ, ஓடு கொடுத்தவர்களெல்லாம் வந்து தங்கள் தங்கள் பெயர் எங்கே விழுகிறது, யார் மிதிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். வெயில் நகர நகரப் பெயரும் நகர்ந்தது. ஒருவரின் தாயார் பெயர் சரியாகக் கழிப்பிடம் போகிற வாசலில் வந்து நின்று சண்டையாயிற்று. வாங்குகளை மாற்றிப் பார்த்தார்கள், கயிறு கட்டிப் பார்த்தார்கள். சூரியனைக் கட்ட முடியவில்லை.

மூன்றாம் நாள் கூட்டத்தில் எல்லாரும் அதிபரைப் பார்த்தார்கள். நீர் படித்தவர், ஒரு வழி சொல்லும் என்கிற பார்வை. வழி தில்லைநாதனுக்குத் தெரிந்திருந்தது. பெயர்களை அழித்துவிட்டுச் சுவரில் ஒரு பலகையில் எழுதலாம் என்பதுதான் அந்த வழி. அதைச் சொல்ல வாயைத் திறந்தவர், கணபதியின் முகத்தைப் பார்த்தார். தாழ்வாரத்து மரமெல்லாம் கணபதி கொடுத்தது. நாளைக்கும் அவரிடம்தான் போகவேண்டும்.

"எழுத்தைச் சுற்றி வர நீலம் பூசினால் தரையிலை நிழல் எழுத்தாய் விழாது" என்று அவர் வாய் சொன்னது.

சொன்ன உடனேயே உள்ளுக்குள் ஏதோ வழுக்கி விழுந்தது. நிழல் ஏன் எழுத்தாக விழாது? ஒளியே வராது, அதனால் விழாது. இருபது வருடமாகப் படிப்பிக்கிற பாடம். ஆனால் கூட்டம் ஆகா என்றது. கணபதி எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத் தில்லைநாதன் உதறவில்லை.

அடுத்த கிழமையே கண்ணாடி ஓடெல்லாம் நீலமாயின. நீலத்தின் நடுவில், கறுப்பு எடுபடாதென்று மேலால் வெள்ளை பூசிய எழுத்துகள், பார்க்க வெகு அழகு. பின்மூலை ஓட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அதில்தான் பெயரில்லையே.

"அப்ப கண்ணாடி ஓடு என்னத்துக்கு?" அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார் மனைவி கமலாசனி. "மண்ணோட்டிலையே எழுதியிருக்கலாமே. மலிவாயும் போயிருக்கும்."

"உனக்கு ஊர் நடப்புத் தெரியாது."

"எனக்கு ஊர் நடப்புத் தெரியாது, உங்களுக்கு வெளிச்சம் தெரியாது. நல்ல சோடி" என்று கறிச்சட்டியை நகர்த்திவிட்டு எழும்பிப் போனார் கமலாசனி.

வெயில் அடித்தவரை கதவு வழியாகவும் துவாரங்கள் வழியாகவும் வந்த வெளிச்சத்தில் காலம் ஓடியது. ஐப்பசியில் முதல் மழை இருட்டிக்கொண்டு வந்த அன்று, மண்டபம் பழையபடி கிணறு மாதிரி ஆயிற்று. இப்போது எரிக்கப் பல்புமில்லை, ஜெனரேற்றர் விற்றாயிற்று. கொஞ்ச நேரத்தில் வெளிக்கும், கொஞ்ச நேரத்தில் வெளிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிள்ளைகளை வாய்ப்பாடு பாடமாக்கச் சொன்னார். பாடமாக்குவதற்கு வெளிச்சம் தேவையில்லை. பரீட்சை நிலையத்துக்கான விண்ணப்பம் முன்பே போய்விட்டிருந்தது. அதில் அவரே எழுதியிருந்தார், 'இம்மண்டபத்தில் பகலில் விளக்குத் தேவையில்லை' என்று.

கார்த்திகையில் ஒருநாள், விடாமல் கொட்டுகிற சோனாவாரி மழைக்குள், கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்து இறங்கினார். ஜெகதீஸ்வரி என்று பெயர். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர், இருட்டுக்குக் கண் பழகும்வரை அப்படியே நின்றார்.

"லைற்றைப் போடுங்கோ சேர்."

"லைற் இல்லை மிஸ். தேவையில்லை. கூரையிலை கண்ணாடி ஓடு…"

ஜெகதீஸ்வரி அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொன்றாக வாசித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நல்லாய் வாசிக்கக்கூடிய ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கோ" என்றார்.

தில்லைநாதன் மீனம்மாவைக் கூப்பிட்டார். முன்வாங்கில், பொன்னையாவுக்கு நேர் கீழே இருத்தினார்கள். அதிகாரி பையிலிருந்து ஒரு பழைய வினாத்தாளை எடுத்துக் கொடுத்தார். மீனம்மா தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள், தூரப் பிடித்தாள், திரும்பவும் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஏன் பிள்ளை, வாசிக்கத் தெரியாதோ?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இது பிள்ளையின் குறையல்ல என்று சொல்லவேண்டியவர் பக்கத்திலேயே நின்றார். சட்டையில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைத் தட்டினார். மீனம்மா அவரை ஒரு முறை பார்த்தாள். போன மார்கழியில் அறை வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. பிறகு எழும்பி, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, வாங்குகளுக்கு நடுவால் நடந்து, தண்ணீர்ப் பானையடிக்குப் போனாள். மண்டபத்திலேயே அங்கே மட்டும்தான், மழை இருட்டிலும், ஒரு பாய் விரித்த அளவுக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. அதில் நின்று முதலாவது வினாவை ஓர் இடத்திலும் தட்டுப்படாமல் வாசித்தாள். மழைச் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டுமென்று உரத்து வாசித்தாள்.

ஜெகதீஸ்வரி தில்லைநாதன் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன பாடம் படிப்பிக்கிறனீங்கள் சேர்?"

"பௌதிகம்."

"ஓ" என்றார் அவர். அந்த ஒரு எழுத்துக்குத் தில்லைநாதன் கூனிக் குறுகிப்போனார். தரை பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தார். சிமெந்துத் தரை பிளக்கவில்லை.

அதிகாரி தன் கதிரையை எடுத்துக்கொண்டு பானையடிக்கே போனார். அங்கே இருந்துதான் எழுதினார். எழுதி முடித்து எழும்பும்போது சொன்னார்: "சுவர் நல்லம், காற்று நல்லம். எல்லாம் வடிவாய்ச் செய்திருக்கிறியள். அந்தப் பெயின்ற்றைச் சுரண்டிப்போட்டால் நாளைக்கே நிலையம் தரலாம். வாற புதன்கிழமை வருவன். அப்பவும் இப்பிடி எண்டால் நான் ஒண்டும் செய்யேலாது."

புதன்கிழமைக்கு முன் சுரண்டவேண்டும். அவ்வளவுதான் விஷயம். தில்லைநாதன் மழை விட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு அரிசி ஆலைக்குப் போனார். வழியெல்லாம் வசனத்தைக் கோத்துக்கொண்டே போனார். 'கணபதியண்ணை, பிள்ளையளின்ரை எதிர்காலம்' என்று தொடங்குவது; 'அப்பாவின்ரை பேரைச் சுவரிலை பெரிசாய்ப் போடுவம்' என்று முடிப்பது. ஆலையில் கணபதியோடு ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கதிரை போட்டார்கள். தேநீர் வந்தது.

"என்னவாம் மாஸ்டர் அந்த மனுசி? நிலையம் கிடைச்சிட்டுதோ?"

கோத்த வசனம் அறுந்து கொட்டிப்போயிற்று. நாலைந்து முகங்கள். எல்லா முகத்துக்கும் கூரையில் ஒரு ஓடு இருந்தது.

"கிடைச்ச மாதிரித்தான். ஒரு குறை சொன்னவா" என்றார் தில்லைநாதன். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லா ஓடும் ஒரே மாதிரி இல்லையாம். பின்மூலையிலை ஒண்டு மட்டும் வேறை மாதிரிக் கிடக்காம்."

"நான் அப்பவே சொன்னனான்!" கணபதி தொடையில் தட்டினார். "ஒரு ஓட்டாலை முழுப் பள்ளிக்கூடத்துக்கும் கெட்ட பேர்."

தில்லைநாதன் தேநீரைக் குடித்தார். அதில் சீனி கூடிப்போயிருந்தது என்பதுவரை அவருக்கு ஞாபகமிருக்கிறது. பொய்யென்று யாராலும் சொல்லமுடியாத பொய் அது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அப்படி ஒரு பொய்யைச் செய்யத் தனக்குத் தெரிந்திருக்கிறதே என்று வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று தேற்றிக்கொண்டார். நாளைக்கும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடம் தொடங்க முன்னர், மண்டப வாசலில் ஆண்டியப்பன் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மழையில் நனைந்து நின்றார். கையில் ஒரு சின்னப் பெயின்ற் ரின்னும் புதுத் தூரிகையும் இருந்தன. தூரிகையை மட்டும் நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தார்.

"மன்னிச்சிக்கணும் ஐயா" என்று தொடங்கினார். "எங்க ஓட்டாலதான் பரீட்சை வராமப் போவுதுனு ஊரெல்லாம் பேசிக்கிறாங்க. எங்களுக்கு அது தெரியாமப் போச்சுங்க. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எழுதியிருப்போம். நாளைக்கு அந்த அம்மா வர்றாங்களாமே. அதுக்குள்ள பூசிடலாம்னு நீலம் வாங்கியாந்தேன். இதே நீலந்தானேங்க?"

ரின் மூடியைத் திறந்து காட்டினார். இதே நீலம்தான். கடையில் நிறம் பார்த்துத் தேடி வாங்கியிருக்கவேண்டும்.

தில்லைநாதனின் மனதில் முதலில் வந்தது வெட்கமல்ல. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலில் வந்தது ஆறுதல். பூசட்டும், பூசிவிட்டால் தான் சொன்னது சரியென்று ஆகிவிடும், நிலையம் கிடைக்காவிட்டால் கந்தோர்க்காரர் மேல் பழியைப் போடலாம். ஒரு மூச்சு விடுகிற நேரம் அவர் அப்படித்தான் நினைத்தார். ஆண்டியப்பனுக்குப் பின்னால், தாழ்வாரத்தில், மீனம்மா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தகப்பனைத் தடுக்கவுமில்லை, அதிபரைப் பார்க்கவுமில்லை. எந்த ஓட்டில் வெளிச்சம் வருகிறதென்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தகப்பனிடம் சொல்லியுமிருப்பாள். அதிபர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தகப்பன் அவள் வாயை அடைத்திருப்பார்.

"என்ன பேர் எழுதப்போறியள்?" என்று கேட்டார் தில்லைநாதன். ஏதாவது கேட்கவேண்டுமென்பதற்காகத்தான் கேட்டார்.

ஆண்டியப்பனின் முகம் மலர்ந்தது. "அதுக்குத்தாங்க நேத்து எல்லாரும் கூடிப் பேசினோம். எங்க பேரெல்லாம் போட்டா நல்லாவா இருக்கும்? வந்த எடத்துல எங்க புள்ளைங்களுக்கு எழுத்தறிவிச்சவரு நீங்க. உங்க பேரத்தான் எழுதணும்னு எல்லாரும் ஒரே வாக்கா சொல்லிட்டாங்க ஐயா."

தில்லைநாதன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் யாராவது அறைந்திருந்தால் தாங்கியிருப்பார். ஊரைக் கூட்டி வைத்துக் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பார். இதைத் தாங்க அவருக்குத் தெரியவில்லை.

"ஆண்டியப்பன், ஏணியை எடுங்கோ" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார். "ஏணியை எடுங்கோ."

ஆண்டியப்பன் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்மூலைக்குப் போகப் பார்த்தார்.

"அங்கையில்லை. முன்னுக்கு."

ஆய்வுகூட அலுமாரியிலிருந்து பழைய கத்தியையும், ஒரு போத்தல் மண்ணெண்ணெயையும், துணியையும் எடுத்துக்கொண்டு வந்து, தில்லைநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். ஏறிப் பழக்கமில்லாத கால்கள். ஒவ்வொரு படியையும் தடவித் தேடின. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாசலில் குவிந்தார்கள். மேடைக்கு மேலே முதலாவது ஓட்டில் கத்தியை வைத்தார். நீலமும் வெள்ளையும் சுருள் சுருளாக அவர் முகத்திலும் சட்டையிலும் உதிர்ந்தன.

"ஐயா, அது பெரியவங்க பேராச்சேங்க!" கீழே ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்டியப்பன் பதறினார்.

"உங்கடை ஓட்டிலை ஒரு குறையும் இல்லை" என்றார் தில்லைநாதன், கூரையைப் பார்த்தபடியே. பிள்ளைகளுக்கும் கேட்கட்டுமென்று குரலை உயர்த்தினார். "அதிலை மட்டும்தான் வெளிச்சம் வருது. அந்த அம்மா சொன்னது இந்த ஓடுகளை. நான்தான் மாற்றிச் சொன்னனான். பொய் சொன்னனான், ஆண்டியப்பன்."

இனித் திட்டுவார் என்று தில்லைநாதன் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும்.

"அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க ஐயா" என்றார் ஆண்டியப்பன். குரலில் கோபமில்லை, ஒரு மரியாதை, இன்னும் கூடிய மரியாதை. "எங்கள யாரும் குத்தஞ் சொல்லிடக் கூடாதுனு உங்க தலையில போட்டுக்கிறீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

தாழ்வாரத்தில் மீனம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும் எது உண்மையென்று. அது போதும் என்று தில்லைநாதன் நினைக்க முயன்றார், போதவில்லை. சேதி போனதும் கணபதி வருவார், கத்துவார், கண் கலங்குவார். அவருக்கும் இதையே முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். அவராவது நம்புவார்.

மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தார். ஓட்டின் நடுவில் கண்ணாடி தெளிந்தது. மழை மூட்டத்துக்குள்ளிருந்தும் வெளிச்சம் இறங்கி, கீழே ஏணியைப் பிடித்திருந்த ஆண்டியப்பனின் நனைந்த தலையிலும் தோளிலும் விழுந்தது. ஆண்டியப்பன் அண்ணாந்து பார்த்தார். கண் கூசி ஒரு கையால் மறைத்துக்கொண்டார். தில்லைநாதன் குனிந்து பார்க்கவில்லை.

"அப்ப உங்க பேர எங்க எழுதுறதுங்க ஐயா?" என்று கீழேயிருந்து கேட்டார் ஆண்டியப்பன்.

தில்லைநாதன் கத்தியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த ஓட்டைச் சுரண்டத் தொடங்கினார்.